மூணுகாலின் முதுகு

இல்லை, நீ கேட்ட இரண்டு ஐ.சி.யும் போர்டில் ஒரே தடத்தில் உட்காராது. இரண்டுக்கும் எட்டுக் கால்தான். காலுக்கும் காலுக்கும் உள்ள இடைவெளியும் ஒன்றுதான், ஒன்றேகால் மில்லிமீட்டர் சொச்சம். அதனால்தான் கண் ஏமாந்துபோகிறது. அமெரிக்கக்காரன் செய்கிற ஐ.சி.யின் உடம்பு நான்கு மில்லிமீட்டர் அகலம். ஜப்பான்காரன் செய்வது ஐந்தேகால் சொச்சம். கால் நுனியிலிருந்து எதிர்க் கால் நுனிவரை அளந்தால் ஒன்று ஆறு, மற்றது எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றுக்காக வரைந்த செம்புத் திட்டுகளின் மேல் மற்றதை வைத்தால் கால்கள் திட்டின் விளிம்பைத் தாண்டி நிற்கும். திட்டை இரண்டு பக்கமும் நீட்டி, இரண்டுக்கும் பொதுவாக ஒரே தடம் வரைந்தால் என்ன என்று கேட்டிருக்கிறாய். வரையலாம். ஆனால் ஈயம் உருகுகிற அந்த ஒரு வினாடியில் சின்னது ஒரு பக்கமாக நகரும். ஒட்டுகிறவள் அதை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உனக்கு ஒரு படம் மிச்சம். அவளுக்கு இரண்டு கை போதாது.

பெங்களூர் போய் நான்கு மாதத்தில் உன்னுடைய முதல் நீளமான கடிதம் இது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் ஐ.சி. உன் நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டே கேட்டார். "புள்ள சாப்டுதா இல்லியான்னு ஒரு வரி கெடையாது. பூச்சிக்கு எத்தினி காலுன்றத மட்டும் பக்கம் பக்கமா எழுதிக்கிது," என்றார். பிறகு, "உன் புள்ளதான," என்றார். கடைசிப் பத்தியை நான் அவருக்கு வாசிக்கவில்லை.

அந்தப் பத்தியை நீ போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். நீ வரைந்த போர்டு முதல் தொகுதியாக ஒட்டி வந்தது, ஒன்றும் வேலை செய்யவில்லை, ஒட்டுகிற பெண்களில் ஒருத்திக்குக் கை சரியில்லை என்று பேசிக்கொள்கிறார்கள், அவளை நிறுத்திவிடுவார்கள்போல. இவ்வளவுதான். அடுத்த வரியில் மழை பெய்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லவும் முடியாது.

பொன்னேரியில் நான் வேலை பார்த்த பட்டறை உனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு மாடியில், இரண்டு அறை. ஒன்றில் ஐந்து பெண்கள் சூடான இரும்பால் ஈயத்தை உருக்கி, போர்டில் பாகங்களை ஒட்டுவார்கள். மற்றதில், கீழிருந்து விளக்கு எரிகிற கண்ணாடி மேசை முன்னால், நான். மைலர் என்கிற பிளாஸ்டிக் தாளில் கறுப்பு டேப்பை ஒட்டி, போர்டின் படத்தை நான்கு மடங்கு பெரிதாக வரைவேன். அதைப் போட்டோ பிடித்துச் சிறிதாக்கிச் செம்பில் இறக்குவார்கள். ஊரில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். அந்த மேசை முன்னால் உட்கார்ந்த முதல் பெண்ணும் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்கு இது ஒரு காரணம், அதனால் சொல்கிறேன்.

நீ பிளஸ் டூ படித்த வருஷம் நாங்கள் வலை விளக்கு செய்ய ஆரம்பித்தோம். கடலில் வலையை விட்டுக் காத்திருக்கும்போது அதன் நுனி எங்கே இருக்கிறது என்று மற்றப் படகுக்குத் தெரிய வேண்டும். மிதவையில் கட்டிவிடும் சின்ன விளக்கு. விட்டு விட்டு எரியும். உன் நைனாவின் வலையை ஒரு லாஞ்சு அறுத்துக்கொண்டு போனதை நான் பட்டறையில் சொல்லப் போய், அதிலிருந்து முதலாளிக்கு வந்த யோசனை. பேட்டரியை வைத்தபின் விளக்கின் குழாயில் மிச்சமிருந்த இடத்துக்குள் போர்டு நுழைய வேண்டும். பழைய டிரான்சிஸ்டர் நீளக் கால்களோடு நிமிர்ந்து நிற்கும். அதற்கு உயரம் போதவில்லை. அதனால்தான் நீ இப்போது எழுதுகிற குட்டிகள், போர்டின் மேலேயே படுத்து ஒட்டிக்கொள்கிறவை, அந்த மாடிக்கு வந்தன. கம்பெனிக்காரன் வைத்த பெயர்கள் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. பெண்கள் வேறு பெயர் வைத்தார்கள்.

உருளையாக, கண்ணாடியில் இருக்கும் டையோடு, உருட்டான். தட்டில் வைத்தால் ஓடும். அதன் தடத்துக்கு இரண்டு திட்டுப் போதும். ஆனால் திட்டுகளின் உள்விளிம்பில் ஒரு சின்ன வெட்டு விட்டு வரை, அதில் அது பதிந்து நிற்கும். நான் முதலில் அப்படி வரையவில்லை. சுகுணா என்று ஒருத்தி, சுண்ணாம்புக்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள், அதை ட்வீசரில் பிடித்துக்கொண்டு, "அக்கா, மூச்சு வுடாதீங்கக்கா, ஓடிடும்," என்பாள். மறுபடியும் ஓடும். "உங்க தம்பி மாரி. நிக்கச் சொன்னா நிக்கவே நிக்காது," என்று பக்கத்திலிருந்தவளைச் சீண்டுவாள். அதைக் கேட்டுத்தான் அந்த வெட்டை வரைந்தேன்.

அடுத்தது பட்டைவால். ஒரு பக்கம் மூன்று கால். நடுக்கால் மட்டும் உடம்புக்கு அடியிலேயே அகலமாகப் போய் மறுபக்கம் வெளியே வரும். சூடெல்லாம் அதன் வழியாகத்தான் இறங்கும். அதற்குச் சிக்கனம் பார்க்காமல் செம்பு விடு. நான்கு பக்கமும் காலை உள்ளே மடக்கிக்கொண்டு உட்காருகிற பெரிய ஐ.சி.க்குச் சம்மணம் என்று பெயர். அது ஒரே ஒரு தடவைதான் வந்தது, யாரோ பார்க்கக் கொடுத்தது. அதன் திட்டுகளை உடம்புக்கு வெளியே கொஞ்சம் தெரியும்படி நீட்டு. இல்லாவிட்டால் ஈயம் பிடித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

மூணுகாலைக் கடைசியில் வைத்திருக்கிறேன். டிரான்சிஸ்டர். மூன்று மில்லிமீட்டர் நீளம்; அகலம் அதில் பாதிகூட இல்லை. ஒரு பக்கம் இரண்டு கால், எதிர்ப் பக்கம் நடுவில் ஒன்று. அதன் தடம் முக்கோணமாக மூன்று திட்டு. இதை யோசித்துப் பார். எட்டுக்கால் ஐ.சி.யைத் தலைகீழாகச் சுற்றி வைத்துவிடலாம். உருட்டானை முன்பின்னாக வைத்துவிடலாம். மூணுகாலை அப்படி வைக்க முடியாது. சுற்றி வைத்தால் கால் திட்டில் விழாது. ஒட்டுகிறவள் அதில் திசை தவற வழியே இல்லை. வரைகிறவள் தவறலாம்.

நம் ஊரில் நண்டை யாரும் முதுகைப் பார்த்து வாங்குவதில்லை. எடுத்ததும் கை தானாகத் திருப்பும். வயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். நானும் அப்படித்தான், எழுத்துக் கற்பதற்கு முன்பே என் கை நண்டைத் திருப்பும். பழைய டிரான்சிஸ்டரும் அந்தக் கைக்குப் பொருந்தியது. கம்பெனிக்காரனின் புத்தகத்தில் அதன் கால்களைக் கீழிருந்து பார்த்த மாதிரியே போட்டிருப்பார்கள். பாகங்கள் போர்டுக்கு ஒரு பக்கம், செம்பு மறுபக்கம். செம்புப் பக்கத்தை வரைகிற எனக்கு எப்போதும் தெரிவது வயிறு. ஒன்பது வருஷம் வயிற்றைப் பார்த்தே வரைந்தேன்.

மூணுகாலோடு கம்பெனிக்காரன் அனுப்பிய விவரத் தாளில் மேலிருந்து பார்த்த படம் இருந்தது. அதற்கடியில் பொடி எழுத்தில் அப்படி எழுதியும் இருந்தது. நான் அதை வாசித்தேன். வாசிக்காமல் செய்த தவறு என்று நீ நினைக்கக் கூடாது. மேலிருந்து வரைந்திருக்கிறான், நாம் வரைவது செம்புப் பக்கம், ஆகவே திருப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். திருப்பினேன். ஆனால் இந்தக் குட்டி செம்பு இருக்கிற பக்கத்திலேயே உட்காருகிறது. அதன் வயிறு போர்டோடு ஒட்டியிருக்கிறது. தெரிவது முதுகு. தாளில் இருந்ததை அப்படியே எடுத்து வரைந்திருந்தால் போதும். யோசித்ததால் தவறினேன். ஒரு காலின் இடத்தில் இன்னொரு கால் வந்தது. விளக்கு எரிய வழியில்லாமல் போயிற்று.

முதல் தொகுதி முப்பது போர்டு. முப்பதையும் சுகுணாதான் ஒட்டினாள், ஏனென்றால் அவள் கைதான் எல்லோரிலும் நிதானம். முதலாளி ஒவ்வொன்றாக பேட்டரியில் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒண்ணு கூட கண்ணு முழிக்கல?"

"பேட்டரி செத்துப்பூட்டுதா பாருங்க சார்," என்றாள் சுகுணா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வேறு பேட்டரி எடுத்தார். பதினைந்தாவது போர்டுக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. ஒரு மூணுகாலைச் சூடு காட்டிப் பிடுங்கினார். பிடுங்கும்போது அதன் கால் ஒன்று ஒடிந்தது. அதைத் தூக்கி ஒரு வெள்ளைத் தாளில் போட்டார்.

"பாத்தியா, வெந்துபோயிருக்குது. எம்மா நேரம் இரும்ப வச்சிக்கினு இருந்த? உன் கை சூட்டுக் கைம்மா."

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி எடுத்தேன் சார். அக்காவக் கேளுங்க. அக்கா, நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க?"

அந்தத் தாளில் அது வயிற்றைக் காட்டிக்கொண்டு விழுந்திருந்தது. அப்படி அதைப் பார்த்தது அதுவே முதல் தடவை. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சுகுணா கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இந்த வரிசையை நான் மாற்றிச் சொல்ல விரும்பவில்லை. முதலில் தெரிந்தது. பிறகு அவள் கேட்டாள். பிறகு நான் பதில் சொன்னேன்.

"பாத்தேன். ஆனா சில நேரம் நமக்கே தெரியாம நேரம் ஆயிடும், சுகுணா."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்தாள், சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அவ்வளவுதான் நடந்தது. யாரும் கத்தவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி மெதுவாகத்தான் சொன்னார்.

அன்று மத்தியானம் மூணுகால் வந்த பெட்டியின் லேபிளை எடுத்துப் பார்த்தேன். அதே டிரான்சிஸ்டரைக் கால்களை மறுபக்கம் மடக்கியும் செய்கிறார்கள். அதற்குப் பெயரின் கடைசியில் ஒரு R இருக்கும். உன் கைக்கும் வரும், பார்த்துக்கொள். தப்பானதை அனுப்பிவிட்டான் என்று சொல்ல முடியுமா என்று தேடினேன். R இல்லை. சரியானதைத்தான் அனுப்பியிருந்தான்.

அதற்குப் பிறகு செய்தது அதைவிட மோசம். படத்தைத் திருத்தினேன். முதலாளியிடம், "திட்டெல்லாம் கொஞ்சம் பெருசு பண்ணியிருக்கேன் சார், சூடு தாங்கும்," என்றேன். கொஞ்சம் பெரிதும் பண்ணியிருந்தேன். கேட்டால் காட்டுவதற்கு. இரண்டாவது தொகுதியை வேறொரு பெண் ஒட்டினாள். முப்பதும் கண் சிமிட்டின. "கைதான்யா விஷயம்," என்றார் முதலாளி. நான் தலையாட்டினேன்.

அதில் ஒரு விளக்கு நம் வீட்டுக்கு வந்தது. உன் நைனா மிதவையில் கட்டினார். "உங்கம்மா வெளக்கு, ஆந்திராக்காரன் கண்ணுக்கே தெரியுதாம்," என்று பக்கத்து ஊர்வரை போய்ச் சொன்னார். நீ அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாய். அதைப் பார்த்துத்தான் டிப்ளமோவுக்கு எலக்ட்ரானிக்ஸ் எடுத்ததாக இன்றும் சொல்கிறாய். ஒவ்வொரு தடவை நீ அதைச் சொல்லும்போதும் உன் முகத்தைப் பார்க்காமல் வேறு ஏதாவது வேலையை எடுத்துக்கொள்வேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். வறுமை என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய். அதனால் அப்படிச் சொல்ல மாட்டேன். உன் நைனா அந்த வருஷம் நன்றாகவே பிடித்தார். வேலை போயிருக்காது என்றும் நினைக்கிறேன்; முதலாளி திட்டியிருப்பார், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார். எனக்கு அந்தக் கண்ணாடி மேசை வேண்டும். அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் தவற மாட்டாள் என்று மற்ற ஐந்து பேரும் நினைப்பது வேண்டும். அவ்வளவு சின்ன காரணம். இவ்வளவு நாளில் அதைப் பெரிதாக்கிப் பார்க்க எவ்வளவோ முயன்றேன். ஆகவில்லை.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை பொன்னேரி மார்க்கெட்டில் சுகுணாவைப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு. கூப்பிட்டது அவள்தான். இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போகிறாளாம். விரலெல்லாம் வெளுத்து ஊறியிருந்தது. உன்னை விசாரித்தாள். பெங்களூரில் படம் வரைகிறான் என்றேன். "அக்கா கை அப்படியே வந்துக்கிது," என்று சந்தோஷப்பட்டாள். பிறகு தன் மகளைப் பற்றிச் சொன்னாள். பெயர் ரேவதி, பத்தொன்பது வயது.

"கிண்டில டிவி செய்ற எடத்துல சால்டரிங் வேலைக்கு லெட்டர் வந்துக்கிதுக்கா. வர்ற திங்கக்கெழம வரச் சொல்லிக்கிறான். நான் வாணாம்னுட்டேன். அழுவுது. சோறு துன்னாம கெடக்குது."

"ஏன் வாணாம்னே?"

"என் கைதான அதுக்கும்? பொறக்கும்போதே கை கொதிக்கும் அதுக்கு. அங்கப் போயி நாலு பேர் எதுர்ல பேரு கெட்டு வரணுமா? எறா உரிக்கிறதுக்குக் கை சூடா இருந்தா இன்னா, ஆறியிருந்தா இன்னா."

சிரித்துக்கொண்டே சொன்னாள். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தபின்தான் நான் பதிலே சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அது உண்மையல்ல. ஏறும்போதே தெரியும்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. கை சரியில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். மழை பெய்கிறது.

நீ செய்ய வேண்டியது இது. அந்தப் பெண் ஒட்டிய போர்டு ஒன்றை எடு. லென்ஸை வை. ஈயம் பளபளப்பாக, காலின் நுனியில் ஏறிப் பிடித்திருக்கிறதா என்று பார். பிடித்திருந்தால் அவளைப் பற்றி அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. பிறகு கம்பெனிக்காரனின் தாளை எடு. மேலிருந்து பார்த்த படமா, கீழிருந்தா என்று வாசி. வாசித்தால் போதாது, நான் வாசித்தேன். பாகத்தையே கையில் எடுத்து, தாளின் மேல் அதே மாதிரி வைத்து, ஒவ்வொரு காலாக விரல் வைத்து உன் படத்தோடு ஒப்பிடு. எட்டுக்கால் என்றால் ஜப்பான்காரனுடையதா, அமெரிக்கக்காரனுடையதா என்று அள. உன் படம் சரியாகவும் இருக்கலாம். அப்போதும் உனக்கு நஷ்டமில்லை. தவறாக இருந்தால், அவளைக் குறை சொன்னபோது யார் யார் அங்கே நின்றார்களோ அவர்கள் எல்லோரும் இருக்கும்போது சொல். மேலதிகாரியின் அறைக்குள் தனியாகப் போய்ச் சொல்லாதே. திருத்திய படத்தை வேறொரு காரணம் சொல்லி நீட்டாதே. அந்தக் காரணத்தைப் பிறகு நீயே பாதி நம்ப ஆரம்பிப்பாய். நான் சில நாள் நம்பினேன், திட்டின் அளவுதான் பிரச்சினை என்று.

என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று இந்தக் கடிதத்தின் நடுவில் இரண்டு தடவை யோசித்தேன். அதற்காக எந்த வரியையும் மாற்றவில்லை. உன் நைனாவிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டார். முடிவில், "இத்தினி வருசம் அந்த வெளக்கப் பத்தி நான் ஊரெல்லாம் பேசிக்கினு திரிஞ்சேன். ஒரு வார்த்த சொல்லலியேமே," என்றார். மத்தியானம் சாப்பிட்டார்.

முதல் தொகுதியின் போர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. முப்பதையும் குப்பையில் போடச் சொன்னபோது ஒன்றை எடுத்து வைத்தேன். எதற்கென்று அப்போது தெரியவில்லை. பிஸ்கட் டப்பாவில், உன் பழைய மார்க் ஷீட்டுகளுக்கு அடியில் கிடந்தது. இன்று எடுத்துப் பார்த்தேன். கண் சிமிட்டாத விளக்கு. ஈயம் ஒவ்வொரு காலிலும் கண்ணாடி மாதிரி. இவ்வளவு சுத்தமான கையை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை எழுதுகிறேன். கடிதத்தை நேற்றுத் தபாலில் போடவில்லை. இதையும் சேர்த்துவிட்டுப் போடுகிறேன். நேற்றுக் காலை பழைய போர்டையும், விளக்கைப் பிரித்து எடுத்த சரியான போர்டையும், லென்ஸையும் பையில் வைத்துக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயில், பிறகு சுண்ணாம்புக்குளம் பஸ். சுகுணா கொட்டகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு போர்டையும் அவள் கையில் கொடுத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னேன். நின்றுகொண்டே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ரேவதி கதவருகில் நின்றிருந்தாள்.

"அப்போ கை இல்லியா?" என்றாள் சுகுணா.

"கை இல்ல. என் படம்."

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் உங்களக் கேட்டேன்ல."

"கேட்ட."

லென்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். தான் ஒட்டிய போர்டைக் கொடுக்கவில்லை. "போங்க," என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். பாதி வழியில் ரேவதி பின்னால் ஓடி வந்தாள். கிண்டிக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டாள். கும்மிடிப்பூண்டியில் ஏறி சென்ட்ரலில் இறங்கு, ரோட்டைத் தாண்டினால் பார்க் ஸ்டேஷன், அங்கே தாம்பரம் வண்டி பிடி என்றேன். ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். சரியாகச் சொன்னாள். பிறகு என் பஸ் வந்தது, ஏறினேன்.